சக்களத்திக்குப் பரிசு

“ஹலோ... ஹலோ, தம்பி, எங்க இருக்கீங்க? மூணு தடவை அடிச்சேன், எடுக்கவே மாட்டேங்கிறீங்க... ஹலோ, கேக்குதா?... யாரு?... டிரைவர் இல்லையா?... என்ன கம்பெனி?... கார் கம்பெனியா? அம்மா தாயே, நான் வாடகை வண்டிக்காக உக்காந்திருக்கேன். அந்த ஆள் இப்பக் கூப்பிடுவார். நீ அப்புறமாப் பண்ணு...”

அப்போதே வைத்திருக்கலாம். ஆனால் எதிர்முனைப் பெண் விடுகிறவளாகத் தெரியவில்லை. இவளோ தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். ஒருவர் பேச ஆரம்பித்த பிறகு முகத்தில் அடித்தாற்போல ஜன்னலைச் சாத்துவதற்கு அவளுக்கு இன்னும் மனசு வருவதில்லை.

முன்னறையில் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மடியில் பையும் பையின் மேல் குடையுமாக அவள் உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது. காலையில் அக்காவின் மூத்த மகன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியிருந்தான். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள், பார்க்க வேண்டியவர்கள் இன்றைக்கே வந்து பார்த்துவிடுவது நல்லது என்றான். கண் திறக்கும்போதெல்லாம் அக்கா கேட்பது ஒன்றே ஒன்றுதானாம். சின்னவள் வந்துவிட்டாளா?

பக்கத்து ஜில்லாதான். காரில் போனால் ரெண்டு மணி நேரம். கார் இல்லாத வீடும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே, நாலு கட்டைகளின் மேல் ராஜகம்பீரமாக நிற்கிறது. அதற்கு அடியில் அவள் கணவர் டார்ச்சும் கையுமாக மல்லாந்து கிடக்கிறார். வெளியே தெரிவது அவருடைய கால்கள் மட்டும்.

முந்தாநாள்தான் வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சு அடித்திருந்தது. நாலு நாளைக்கு ஈரம் படக்கூடாது, ராத்திரி பெய்த மழைக்கு ரயில் பாலத்தின் கீழே தண்ணீர் நிற்கும், நீ வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிக்கொள் என்றார் காலையில். சொல்லிவிட்டு டார்ச்சைத் தேடப் போய்விட்டார். அக்காவைப் பற்றி அந்த வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

“சரி, சீக்கிரம் சொல்லு... ஆமா... ஆமா, என் பேருதான். வண்டி என் பேர்லதான் இருக்கு... நான் ஓட்டறதா? நல்லாக் கேட்டே போ! அந்த ஸ்டீரிங்கை நான் தொட்டதெல்லாம் துடைக்கிறதுக்குத்தான்... என் பேர்ல ஏன்னா, அப்ப எனக்குத்தான் நிரந்தர வேலை. என் சம்பளத்தைக் காட்டித்தான் வண்டி எடுத்தது. அத்தோட என் சம்பந்தம் தீந்துது... என்னது?... திருப்பிச் சொல்லு... பரிசா?”

அவள் பையைக் கீழே வைத்தாள்.

“எதுக்குப் பரிசு?... நல்லாப் பராமரிச்சதுக்கா?”

சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு அல்ல. சாப்பிடும்போது கல் கடித்தால் நாக்கு தானாகத் தேடிப் பார்க்குமே, அப்படித் தானாக வந்தது.

“இல்லம்மா, இருமல்... சரி, சிரிச்சேன்தான், சொல்லு... பத்தொம்பது வருஷம், ஆமா... ஒரு கீறல் இல்ல, ஆமா, ஆமா... உங்க மெக்கானிக்குங்களே ஆச்சரியப்பட்டாங்களா? படுவாங்க. எங்க தெருவுல யாரும் ஆச்சரியப்படறதில்ல, அவங்களுக்கு விஷயம் தெரியும்... எப்படிப் பராமரிச்சோம்னா? அதை நீ அவர்கிட்டதான் கேக்கணும்... குடுக்கலாம், ஆனா அவர் இப்ப வண்டிக்கு அடியில இருக்காரு... ரிப்பேரா? சே சே! கொஞ்சிக்கிட்டு இருக்காரு.”

பரிசு வாங்குகிறவர்களின் அனுபவத்தைச் சின்னப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். நாலு வார்த்தை சொன்னால் போதுமாம். அவள் தெருவைப் பார்த்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாடகை வண்டியின் சத்தம் எந்தப் பக்கமும் இல்லை.

“சரி, எழுதிக்கோ. மொதல்ல ஆயில். ஆயிலை நீங்க சொல்ற தேதிக்கு முன்னாடியே மாத்திடணும். கறுக்க விடக்கூடாது... ஆமா. எங்க சமையலறைச் சுவர் கன்னங்கரேல்னு இருக்கு, அதைக் கறுக்க விடலாம். ஆயிலை விடக்கூடாது... எழுதலையா? எழுது, எழுது... அடுத்தது டயர். காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போதே காத்து பாக்கணும். இவர் எழுந்ததும் அதைத்தான் பாப்பாரு. பக்கத்துல படுத்திருக்கறவளுக்கு மூச்சு ஓடுதான்னு பாத்தாரோ இல்லையோ, டயர்ல காத்து இருக்கான்னு பாத்துடுவாரு.”

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் வந்திருக்க வேண்டும். அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஆபீஸை விட்டு வந்த பிறகு அவள் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை.

“சிரிக்கிறியா? சிரி, சிரி... இன்னும் இருக்கு. சத்தத்தைக் கவனிக்கணும். ஓடும்போது எங்கேயாவது ஒரு சின்ன கிரீச், ஒரு டொக்குனு வந்தாப் போதும், அன்னிக்கே பாத்துடணும், தள்ளிப் போடக்கூடாது. ஒரு தடவை கதவுக்குள்ள ஒரு ஸ்குரூ ஆடிச்சு. அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறவரைக்கும் மனுஷன் தூங்கலை... எனக்கு முழங்கால் டொக்கு டொக்குனு சத்தம் போடுது. மாடிப்படி ஏறினா எதிர்வீட்டுக்காரிக்குக் கேக்குது. இவருக்குக் கேக்கறதில்ல... அட, காது நல்லா இருக்கும்மா. காதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.”

வெளியே ஒரு கால் மடங்கியது. அவர் வேறு இடத்துக்கு நகர்ந்து டார்ச்சைப் பிடித்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

“ஆங், கிளட்ச். ஓட்டறது ஒரே ஆளா இருக்கணும், கை மாறினா கிளட்ச் போயிடும்பாரு. பெத்த பையன் எதிர்வீட்டுக்காரர் வண்டியிலதான் ஓட்டப் பழகினான்... செருப்பு! அதை மறந்துட்டேன். செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுத்தான் உள்ள ஏறணும். அதுக்குன்னு ஒரு பை இருக்கு. ஈரக் குடை உள்ள வரக்கூடாது... சீட்டுக்கு வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியேதான் இருக்கு, உக்காந்தா சரக் சரக்குன்னு சத்தம் வரும்... ஜன்னலா? இறக்கக்கூடாது. ரப்பர் தேயும்... ஏசியா? போடக்கூடாது, எஞ்சினுக்குப் பாரம்... வேகும்மா. வெந்துபோவோம். அதனாலென்ன, வெந்தா மனுஷங்கதானே வேகறோம்.”

அந்தப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு தூரம் போவோம்னா?... இதுதான் முக்கியமான விஷயம், இதைப் பெருசா எழுதிக்கோ. பக்கத்துல போறதுக்கு வண்டியை எடுக்கக்கூடாது. எஞ்சின் சூடாகறதுக்குள்ள அணைக்க வேண்டியிருக்கும், அது எஞ்சினுக்குக் கெடுதல். அதனால நான் வேலைக்குப் போனதெல்லாம் பஸ்லதான்... ஆமா, வண்டி வீட்டுலதான் இருக்கும், நான் பஸ் ஸ்டாப்புல இருப்பேன். சரி, தூரமாப் போலாமான்னா, தூரம் போனா தேய்மானம். கிட்டயும் போகக்கூடாது, தூரமும் போகக்கூடாது... அப்ப எங்க போகும்னு கேக்கறே பாரு, புத்திசாலி நீ. சர்வீசுக்குப் போகும். வேற எங்க? உங்ககிட்டதான் வரும். குளிச்சு, துடைச்சுக்கிட்டுத் திரும்பி வரும். உன் ஆளுங்க அதைப் பாத்த மாதிரி நாங்க கூட பாத்ததில்ல.”

அந்தக் காருக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தவள் அக்கா. ஃபோனில் பேசினால் முதல் கேள்வியே அதுதான். என்னடி, உன் சக்களத்தி சௌக்கியமா? இருமிக்கொண்டே சிரிப்பாள். இந்த ரெண்டு மாசமாகச் சிரிப்பு நின்றுபோய் இருமல் மட்டும் மிச்சமிருந்தது.

அக்கா அந்தக் காரில் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறாள். அதுவும் பாதித் தூரம்.

“பாரமா? ஏத்தக்கூடாது. அஞ்சு பேர் உக்காரலாம்னு நீங்க போட்டிருப்பீங்க. எங்க வீட்டுல மூணாவது ஆள் ஏறினாலே அவருக்கு முதுகு வலிக்கும்... வண்டிக்கு இல்லம்மா, அவருக்கு. எங்க அக்கா ஒரு தடவை ஏறினா. ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஜன்னலைத் திறக்கக்கூடாது, ஏசி கிடையாது, பிளாஸ்டிக் வாசனை வேற. அவளுக்கு வயித்தைப் பிரட்டிடுச்சு. லேசா ஓங்கரிச்சா, அவ்வளவுதான். பிரேக்கை ஒரே மிதி. பிரேக்கை மெதுவா மிதிக்கணும்னு ஊருக்கே பாடம் எடுக்கற மனுஷன்! இறங்குங்கன்னுட்டாரு... நடுரோட்டுலதான். நல்ல வெயில். சரி, கொஞ்ச நேரம் நிப்போம், காத்தாட விட்டுத் திரும்ப ஏத்திக்குவாருன்னு நான் நினைச்சேன். மறுபடியும் வந்தா என்ன பண்றது, நீங்க பஸ்ல வந்துடுங்கன்னாரு... இல்ல, இல்ல, அவளைத் தனியா விடலை. நானும் இறங்கிட்டேன். பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் பஸ்ல போனோம். நாங்க போறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. இவர் வாசல்ல நின்னு யாருக்கோ வண்டியோட பெயிண்டைக் காட்டிக்கிட்டிருக்காரு.”

குரல் கரகரத்தது. அவள் குடையின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லம்மா, ஒண்ணுமில்ல... வாடகை வண்டி எதுக்கா? அதே அக்காதான். ஆஸ்பத்திரியில இருக்கா... ரொம்ப முடியலை... இன்னிக்கோ, எப்பவோன்னு சொல்றாங்க... ம்... ம்... எங்க வண்டியா? இருக்கே. கண்ணுக்கு எதுக்கவே இருக்கு. அடியில பூச்சு அடிச்சிருக்கும்மா. ஈரம் ஆகாது... ஆமா. அதுக்காகத்தான்... நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? நீயா பூச்சு அடிச்சே?... சரி, விடு. வேற என்ன கேக்கணும், கேளு.”

அந்தப் பெண் கேட்க வேண்டியதைக் கேட்கத் தயங்கினாள் போலிருக்கிறது. பிறகு எப்படியோ சொல்லி முடித்தாள். இவள் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள். எழும்போது முழங்கால் சத்தம் போட்டது.

“எங்கே?... பரிசு குடுக்கறது எந்த ஊர்லன்னு சொன்னே?... ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பல இருக்கே, பெரிய கண்ணாடி வச்ச ஷோரூம், அதுவா?... ஆமா, பாத்திருக்கேன். பாத்திருக்கேன்... நாளைக்குக் காலையிலயா? வண்டியைக் கொண்டு வரணுமா?... வண்டி இல்லாம பரிசு கிடையாதா... இரு, ஒரு நிமிஷம் இரு. அவரே வராரு.”

‘பரிசு’ என்ற வார்த்தை எப்படியோ கூரைக்குக் கீழேயும் போய்விட்டது. அவர் வெளியே உருண்டு எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்து நின்றார். மூக்கு நுனியில் கறுப்பாக ஒரு தீற்றல். அவள் ஃபோனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கையால் மூடவில்லை.

“உங்க வண்டிக்குப் பரிசாம்... ஆமா, கம்பெனியிலேருந்துதான்... நல்லா வச்சிருக்கீங்களாம்... நாளைக்குக் காலையில வண்டியைக் கொண்டு வரணுமாம். எங்கேன்னு கேளுங்க. அக்கா இருக்கற ஊர்லதான். ஆஸ்பத்திரிக்கு எதுத்த ரோடு.”

அவர் முகம் மலர்ந்தது. அவளுக்குப் பிள்ளை பிறந்த அன்று அந்த முகத்தை இப்படிப் பார்த்ததாக ஞாபகம். பிறகு பார்த்ததே இல்லை. அவருக்கு அறுபது தாண்டிய வயசு பத்தாகக் குறைந்தது போலிருந்தது. அவர் ஏதேதோ வேகமாகச் சொன்னார். காரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார்.

“விடிகாலையில கிளம்பறீங்களா... சரி... பூச்சு என்ன ஆச்சு?... காஞ்சிடுச்சா! எப்பக் காஞ்சுது? காலையில நான் கேட்டப்பக் காயலையே... பாலத்துக்குக் கீழ தண்ணி நிக்குமே... வடிஞ்சிருக்குமா. காலையில வடியாதுன்னீங்க... ஓரமா, மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடலாமா. ம்... ஓகோ... என்ன?... என்ன சொன்னீங்க?... அப்படியே அக்காவையும் பாத்துட்டு வந்துடலாமா?”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. வந்தது கோபம்தான். காலையில் அவர் முடியாது என்று சொன்னபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை. இந்த மனுஷனுக்குக் கார் பைத்தியம், என்ன செய்வது என்று பத்தொன்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்து வந்தவள் அவள். அக்காவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பைத்தியமாக இருந்தால் நாளைக்கும் வண்டியை எடுக்கமாட்டார். எடுக்கிறார். அக்கா உயிரோடு கிடக்கிற ஊருக்குப் போகாத வண்டி, கைதட்டல் கிடைக்கிற ஊருக்குப் போகிறது. ஊர் ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான்.

“நாளைக்கு அக்கா இருப்பாளாங்க?” என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

அவர் காதில் விழவில்லை. கை ஜாடையில் ‘சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு’ என்று ஃபோனைக் காட்டினார். காட்டிவிட்டு, மழைக்கு மூடிவைக்கிற தார்ப்பாயை மடிக்கத் திரும்பினார்.

அந்த நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. வாடகை வண்டி வந்து நின்றது. ஒரு பக்கம் ஒடுங்கி, முன்விளக்கு வரைக்கும் சேறு பூசிக்கொண்டு, ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில். பாலத்துத் தண்ணீரில் இறங்கி ஏறித்தான் வந்திருக்கிறது. எஞ்சின் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி இருமிக்கொண்டிருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஃபோனைக் காதில் வைத்தாள். இன்னொரு கையால் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள்.

“ஹலோ... இருக்கேம்மா... கேட்டுதா எல்லாம்?... கேட்டுடுச்சா. நல்லதாப் போச்சு... என்ன, ஓனரே சொல்லணுமா?... அவர் சொன்னாச் செல்லாதா?... வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க வரேன்னு சொல்லணும். அப்படித்தானே?... சரி. அப்ப ஓனர் சொல்றேன், எழுதிக்கோ. வண்டி வராது.”

தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“ஆமா, வராது... ஏன்னா, மழைம்மா. ரயில் பாலத்துக்குக் கீழ தண்ணி நிக்குது. முந்தாநாள்தான் அடியில பூச்சு அடிச்சிருக்கு. நாலு நாளைக்கு ஈரம் படக்கூடாது... அப்படிச் சொல்லாதே. பத்தொம்பது வருஷமாக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்ட வண்டி, ஒரு பரிசுக்காகத் தண்ணியில இறக்க முடியுமா? நீயே சொல்லு... ஆமா... ஆமாம்மா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். அடுத்து யாரு இருக்காங்களோ அவங்களுக்குக் குடுத்துடுங்க... வருத்தமா? எனக்கா? எனக்கென்னம்மா வருத்தம்?”

அவர் ஜன்னலை விட்டு வாசல் பக்கம் ஓடி வந்தார். அவள் அதற்குள் படியிறங்கியிருந்தாள். அவர் குறுக்கே நின்று கையைக் கையை ஆட்டினார், வாய் திறந்து திறந்து மூடியது. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

“நீ இரும்மா, வைக்காதே... இவர் ஃபோனைப் பிடுங்க வராரு... தள்ளுங்க. அக்கா கேட்டுக்கிட்டே இருக்காளாம், தள்ளுங்கன்னு சொல்றேன்ல... நானா இட்டுக்கட்டிச் சொல்றேனா? இல்லங்க. நீங்க காலையில சொன்னதைத்தான் சொல்லியிருக்கேன். ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை.”

வெளிக் கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். தூறலில் குடையை விரிக்க ஒரு கை போதவில்லை. விட்டுவிட்டாள். டிரைவர் உள்ளேயிருந்தே பின்கதவைத் தள்ளித் திறந்தான். வழி முழுக்கச் சேறு, செருப்பு ரெண்டும் நனைந்து கனத்தன.

பழக்க தோஷம். கதவருகே வந்ததும் அவள் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முழங்கால் சத்தம் போட்டது. ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றாள். டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான்.

“என்ன தம்பி?... கழட்ட வேண்டாமா?... சேறா இருக்கேப்பா... அப்படியேவா?”

அவள் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். சேற்றுக் காலை வண்டிக்குள் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. சீட்டில் பிளாஸ்டிக் இல்லை, சத்தம் வரவில்லை. ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“ஹலோ... ஆங், இன்னும் லைன்லதான் இருக்கியா... இல்லம்மா, அழலை... சரி, அழறேன்தான். வைக்கட்டுமா? என் வண்டி வந்துடுச்சு.”